முன்பின் தெரியாதவருக்காக எதுவரை போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்ததான முகாமிலும் ஸ்டெம்செல் பதிவு முகாமிலும் மேசைக்குப் பின்னால் நிற்பவர்களிடம் முதலில் வரும் கேள்வி "வலிக்குமா?" என்பதுதான். பதில் சொன்ன பிறகும் சிலர் நகராமல் நிற்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது வேறு: யாரோ ஒருவருக்காக என் உடம்பை நான் ஏன் வருத்திக்கொள்ள வேண்டும்? முடியாது என்றால் நான் மோசமானவனா? அப்படி மேசைக்குப் பின்னால் நிற்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். முகாமில் கேட்டவை, பிறகு போனில் கேட்டவை, வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பியவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் தகவலும் இருக்கிறது, என் அபிப்பிராயமும் இருக்கிறது. இரண்டும் எங்கே பிரிகின்றன என்பது படிக்கும்போதே தெரியும்.

முன்பின் தெரியாதவரைக் காப்பாற்றுவது என் கடமையா?

கொஞ்சம் சிரமப்பட்டால் ஓர் உயிர் பிழைக்கும் என்றால், கடமைதான். 108-க்கு போன் செய்வது, கயிறு தேடி எடுத்து வீசுவது, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் நிற்பது, இவற்றுக்கெல்லாம் பெரிய மனசு வேண்டியதில்லை. உங்கள் உயிருக்கோ உடலுக்கோ நிஜமான ஆபத்து வரும் இடத்தில் கடமை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நீங்கள் செய்வது கொடை. அதை யாரும் உங்களிடம் கட்டாயமாகக் கேட்க முடியாது.

சட்டங்களும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கோடு போட்டிருக்கின்றன. ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் போனால் ஜெர்மனியில் ஓராண்டு வரை சிறை, பிரான்ஸில் ஐந்தாண்டு வரை சிறை. ஆனால் உதவப் போனால் தனக்கே ஆபத்து என்ற நிலையில் இருப்பவரை இரண்டு சட்டங்களும் விட்டுவிடுகின்றன. இந்தியாவில் வழிப்போக்கருக்கு இப்படி ஒரு பொதுவான சட்டக் கடமையே இல்லை.

சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைப் பார்த்தும் போய்விட்டேன். போலீஸ், கோர்ட் என்று அலையவிடுவார்களே என்ற பயம்தான் காரணம். தவறா?

அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இப்போது அவ்வளவாக இல்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுபவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவப் போய் ஏதாவது தவறு நேர்ந்தாலும் உங்கள் மீது வழக்கு வராது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி வற்புறுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கிளம்பிப் போகலாம், பணம் கட்டச் சொல்லி உங்களை நிறுத்திவைக்க முடியாது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை, வரம்புக்கு உட்பட்டு, அரசே ஏற்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஆகவே, போய் நின்றால் பணம் நம் தலையில் விழும் என்ற கவலையும் வேண்டாம்.

நடந்துபோனதை நினைத்து உங்களை வாட்டிக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை வண்டியை ஓரமாக நிறுத்தி 108-ஐ அழுத்துங்கள்.

யாராவது கிணற்றிலோ ஆற்றிலோ விழுந்தால் உடனே குதிக்க வேண்டாமா? நின்று யோசிப்பது கோழைத்தனம் இல்லையா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லவேண்டும். ஒவ்வொரு கோடையிலும் செய்தித்தாளில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: "காப்பாற்றச் சென்றவரும் நீரில் மூழ்கி பலி."

மூழ்குகிறவர் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து அழுத்தி மேலே வரப் பார்ப்பார். அவர் வேண்டுமென்று செய்வதில்லை, உடம்பு தானாகச் செய்வது அது. நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அந்தப் பிடி உள்ளே இழுத்துவிடும். அதனால் நீருக்குள் போவது கடைசி வழி. கரையில் நின்று எதையாவது நீட்டுங்கள்: மூங்கில், கிளை, துண்டு, வேட்டி. எட்டாவிட்டால் மிதக்கக்கூடிய எதையாவது வீசுங்கள். மூடியை இறுக்கிப் போட்ட காலித் தண்ணீர்க் கேனில் கயிறு கட்டி வீசினால்கூட ஒருவரைத் தாங்கும்.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். குளிக்க வந்த இளைஞர்களில் நான்கு பேர் ஆழத்தில் சிக்கினார்கள். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்க்க முடிந்தது, மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் அந்த மூன்று பேருக்கும் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. ஒரு கிராமத்துப் பெண் முன்பின் தெரியாத இளைஞர்கள் முன்னால் சேலையை அவிழ்க்கிறார் என்றால் அவர் எதைத் தாண்டி வந்திருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். தியாகம் என்றால் உயிரை விடுவது என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். அந்தப் பெண்கள் கூச்சத்தை விட்டார்கள், இரண்டு பேர் பிழைத்தார்கள். குதித்திருந்தால் ஒருவேளை சாவு கூடியிருக்கும்.

கழிவுநீர்த் தொட்டி இதைவிட மோசம். ஒருவர் இறங்குவார், மயங்கி விழுவார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார், அவருக்குப் பின்னால் மூன்றாமவர். "விஷவாயு தாக்கி மூவர் பலி" என்ற செய்தியில் இரண்டாவது, மூன்றாவது ஆள் பெரும்பாலும் காப்பாற்றப் போனவர்களாகத்தான் இருப்பார்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும். நாற்றம் போய்விட்டதே என்று நம்பி இறங்குபவர் ஒன்றிரண்டு மூச்சில் விழுந்துவிடுவார். மூக்கில் கட்டிய கைக்குட்டை எதையும் தடுக்காது. காற்று உருளை மாட்டிய தீயணைப்பு வீரர்தான் இறங்கவேண்டும், 101 அல்லது 112-ஐ அழையுங்கள். கூட்டத்தில் யாராவது இறங்கப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அந்த நேரத்தில் உங்களைக் கல்நெஞ்சக்காரர் என்று திட்டுவார்கள். திட்டட்டும்.

இதில் எனக்கு இன்னொரு கோபம் உண்டு. மனிதரை இப்படித் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் ஆள் இறங்கியிருக்கவே கூடாது. அவரை இறக்கியவர்களைக் கேள்வி கேட்காமல், பின்னால் இறங்கிச் செத்தவரின் வீரத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

கரண்ட் அடித்துக்கொண்டிருப்பவரை?

தொடாதீர்கள். மெயின் ஸ்விட்சை அணையுங்கள். வெளியே அறுந்து விழுந்த கம்பியாக இருந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

ஸ்டெம்செல் தானம் என்று முகாமில் சொல்கிறார்களே, அதில் என்னிடம் என்ன கேட்கிறார்கள்?

ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களில் சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே, அதாவது ரத்தம் ஊறும் இடத்தையே, மாற்ற வேண்டியிருக்கும். அதற்குத் திசுப் பொருத்தம் வேண்டும். உடன்பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான் உண்டு. வீட்டில் யாரும் பொருந்தாவிட்டால் வெளியாளைத் தேடுகிறார்கள். உலகம் முழுவதும் இப்படிப் பெயர் கொடுத்திருப்பவர்கள் 4 கோடிக்கும் மேல். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அதில் இந்தியர்களின் பங்கு மிகவும் சிறியது. நம் நோயாளிக்குப் பொருத்தம் பெரும்பாலும் நம் மக்களிடம்தான் கிடைக்கும் என்பதால் இந்தக் குறை உறுத்துகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'தாத்ரி' 2009 முதல் இந்தப் பதிவை நடத்துகிறது.

பதிவு எளிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து உறையில் போடுவார்கள், ஒரு படிவம் நிரப்பவேண்டும், அவ்வளவுதான். அதன்பிறகு ஆயுசுக்கும் உங்களுக்கு அழைப்பு வராமலே போகலாம்.

வந்தால், தானத்துக்கு முன் ஏறக்குறைய ஐந்து நாள் தினமும் ஊசி போடுவார்கள். ஸ்டெம்செல் என்பது மஜ்ஜையில் இருந்து ரத்தத்தை உண்டாக்கும் அணு; அந்த அணுக்களை ரத்தத்துக்குள் வரவைக்கும் மருந்து அது. இடுப்பு, முதுகு எலும்புகள் குடையும், தலை வலிக்கும், பாராசிட்டமால் போட்டால் தணியும். தானத்தன்று சாய்நாற்காலியில் நான்கைந்து மணி நேரம் உட்காரவேண்டும். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய், வேண்டிய அணுக்களை அங்கே விட்டுவிட்டு, மறு கை வழியாகத் திரும்பும். ஊசி இருக்கும் கையை மடக்க முடியாது, மூக்கு அரித்தால் கூட இருப்பவரைத்தான் சொறியச் சொல்லவேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து உடம்பின் கால்சியத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்வதால் உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கும். நர்ஸிடம் சொன்னால் கால்சியம் மாத்திரை தருவார். சிலருக்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து நேரடியாக மஜ்ஜை எடுப்பார்கள். எடுத்த அணுக்கள் சில வாரங்களில் மறுபடியும் ஊறிவிடும்.

மண்ணீரல் கிழிவது போன்ற பெரிய சிக்கல் மிக மிக அபூர்வம். அபூர்வம் என்பதற்காக அதைச் சொல்லாமல் விடக்கூடாது, படிவத்திலும் இருக்கும்.

பதிவு செய்துவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. பின்வாங்கலாமா?

பின்வாங்கலாம், எந்தக் கட்டத்திலும். சட்டப்படி உங்களை யாரும் பிடித்துவைக்க முடியாது. ஆனால் எந்தக் கட்டத்தில் பின்வாங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

உங்கள் அணுக்கள் போய்ச் சேருவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பிருந்தே நோயாளிக்குக் கடுமையான கீமோ கொடுக்கத் தொடங்குவார்கள். சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு. அவருடைய பழைய மஜ்ஜையை அழித்துப் புதியதற்கு இடம் செய்வதற்காக. அது அழிந்த பிறகு அவர் உடம்பில் ரத்தம் ஊற வழியில்லை, கிருமியை எதிர்க்கவும் எதுவும் இல்லை. அந்த நிலையில் நீங்கள் வராவிட்டால், நோய் கொல்வதற்கு முன்பே சிகிச்சை அவரைக் கொன்றுவிடும்.

முகாமிலேயே "எனக்கு வேண்டாம்" என்று சொல்பவர் அந்த நோயாளியிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. பொருத்தம் கிடைத்துவிட்டது என்று அழைக்கும்போது "என்னால் முடியாது" என்பவர் ஒரு நம்பிக்கையை உடைக்கிறார். வருத்தம்தான், ஆனால் வேறு ஆளைத் தேட நேரம் இருக்கிறது. கீமோ தொடங்கிய பிறகு மறுப்பவரின் நிலை வேறு. அவர் சொன்ன சொல்லை நம்பித்தான் அந்த மஜ்ஜை அழிக்கப்பட்டது. அதுவரை அவர் ஒரு வழிப்போக்கர். சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து, அந்த நோயாளி பிழைப்பதா இல்லையா என்பதில் அவருக்கு நேரடிப் பங்கு வந்துவிடுகிறது. சட்டம் அப்போதும் அவரைத் தொடாது. ஆனால் அந்தக் கட்டத்தில் "என் உடம்பு, என் உரிமை" என்ற பதில் மட்டும் போதும் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆகவே பயம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிடும் நாள்தான் எல்லாச் சந்தேகத்தையும் கொட்டித் தீர்க்கவேண்டிய நாள். "இல்லை" என்று சொல்லக் கூச்சப்பட்டு போனை எடுக்காமல் இருப்பதுதான் ஆகக் கெடுதல். எண் மாறினால் பதிவகத்துக்குத் தெரிவியுங்கள். கூப்பிட்டால் கிடைக்காத பெயர்களுக்காகக் காத்திருந்தே நோயாளிகளின் நாள் வீணாகிறது.

ஒன்று மட்டும் ஆறுதல். கொரோனா காலத்தில் விமானங்கள் நின்றுபோனபோது, பல நாடுகளில் அணுக்களை முதலிலேயே எடுத்து உறையவைத்து, அவை கையில் வந்து சேர்ந்த பிறகே நோயாளிக்குக் கீமோ தொடங்கினார்கள். உறையவைப்பதில் அணுக்கள் கொஞ்சம் சேதமாகும் என்பதால் எப்போதும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் நல்லவர்களின் மன உறுதியை மட்டும் நம்பி ஓர் உயிரைத் தொங்கவிடாமல் ஏற்பாட்டையே மாற்ற முடியும் என்பதை அது காட்டியது.

ஓர் உயிர் போகும் என்று தெரிந்தும் மறுப்பவரைச் சட்டம் ஏன் கட்டாயப்படுத்தக்கூடாது?

1978-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் இதே கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. ராபர்ட் மக்ஃபால் என்பவருக்கு மஜ்ஜை வேலை செய்யாமல் போகும் நோய். அவருடைய உறவுக்காரர் ஒருவர் முதல் பரிசோதனைக்கு வந்தார், பொருத்தம் இருப்பதுபோலத் தெரிந்தது. அடுத்த பரிசோதனைக்கு வர மறுத்துவிட்டார். மக்ஃபால் வழக்குப் போட்டார். நீதிபதி ஜான் ஃப்ளாஹெர்ட்டி, மறுத்தவரின் செயலை அறப்படி நியாயப்படுத்தவே முடியாது என்று தீர்ப்பில் வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் ஒருவர் உடம்புக்குள் ஊசியைச் செலுத்து என்று உத்தரவிட முடியாது என்று மறுத்துவிட்டார். சில வாரங்களில் மக்ஃபால் இறந்துபோனார்.

படிக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது. இருந்தும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். கட்டாயப்படுத்தலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் போலீஸ் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? வக்கீல் வைக்க வசதியில்லாதவன் வீட்டுக் கதவைத்தான்.

சிறுநீரகம் கொடுப்பதும் இப்படித்தானா?

இல்லை. எடுத்த மஜ்ஜை திரும்ப ஊறும், எடுத்த சிறுநீரகம் திரும்ப வராது. 1954 டிசம்பரில் பாஸ்டனில் இரட்டையர்களான ஹெரிக் சகோதரர்களில் ஒருவர் மற்றவருக்குச் சிறுநீரகம் கொடுத்தார். வெற்றிபெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை அதுதான். அதற்கு முன் மருத்துவர்கள் பெரிதும் தயங்கி, மதப் பெரியவர்களிடமும் சட்டம் தெரிந்தவர்களிடமும் யோசனை கேட்டார்கள். நோயே இல்லாத ஒருவரை, அவருக்கு எந்த மருத்துவப் பலனும் இல்லாத அறுவைக்கு உட்படுத்துவது அதுவரை வைத்தியத்தில் இல்லாத காரியம். பெற்ற சகோதரர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவர் 79 வயதுவரை இருந்தார்.

ஆபத்து எவ்வளவு என்பதற்கு அமெரிக்கக் கணக்கு இருக்கிறது. 2010-இல் வெளியான பெரிய ஆய்வில், அறுவைக்குப் பின் 90 நாளுக்குள் இறந்தவர்கள் பத்தாயிரம் பேருக்கு ஏறக்குறைய 3 பேர். 2014-இல் வந்த இன்னோர் ஆய்வு வாழ்நாள் முழுவதையும் மதிப்பிட்டது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்து தானம் செய்யாதவர்களில் பத்தாயிரத்துக்கு 14 பேருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் என்றால், தானம் செய்தவர்களில் 90 பேருக்கு. பலமடங்கு என்பதும் உண்மை, நூற்றுக்கு ஒருவரைவிடக் குறைவு என்பதும் உண்மை. தானம் கேட்பவர் இரண்டாவதை மட்டும் சொல்வார், வேண்டாம் என்பவர் முதலாவதை மட்டும் சொல்வார்.

அப்படியானால் கணக்குப்படி கொடுக்காமல் இருப்பதுதான் தவறு இல்லையா?

இப்படிக் கணக்குப் போட்டு, அதன்படி நடந்தும் காட்டியவர் ஒருவர் உண்டு. ஸெல் க்ராவின்ஸ்கி, பிலடெல்பியா பக்கத்துக்காரர். ரியல் எஸ்டேட்டில் சம்பாதித்த கோடிக்கணக்கான டாலர்களில் பெரும்பகுதியை மருத்துவ ஆராய்ச்சிக்கும் பொதுநலத்துக்கும் கொடுத்தவர். 2003-இல் தன் சிறுநீரகத்தையும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். அவர் வாதம் இதுதான்: இந்த அறுவையில் நான் சாக நாலாயிரத்தில் ஒரு வாய்ப்பு, கொடுக்காவிட்டால் அவர் சாவது உறுதி. கொடுக்க மறுத்தால் என் உயிரை அவர் உயிரைவிட நாலாயிரம் மடங்கு உசத்தியாக மதிக்கிறேன் என்று அர்த்தம்.

எதிர்வாதம் சொல்ல வாய் வராது. ஆனால் அவர் மனைவி எதிர்த்தார். நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளை அவர்களில் ஒருவருக்குத் தேவைப்பட்டால் என்ன செய்வது என்று கேட்டார். க்ராவின்ஸ்கி அறுவை நாளன்று வீட்டில் சொல்லாமல் கிளம்பிப் போனார். பிறகு இரண்டாவது சிறுநீரகத்தையும் கொடுத்தால் என்ன என்றுகூட யோசித்தார்.

அவர் கொடையை நான் மதிக்கிறேன். சொல்லாமல் போனதை மதிக்க முடியவில்லை. அந்தக் கணக்கில் இரண்டே பேர் இருந்தார்கள், அவரும் அந்தப் பெண்ணும். அவரை நம்பியிருந்தவர்கள் அதில் எங்குமே இல்லை. கணக்கின் வழியிலேயே போனால் அது நிற்கும் இடமும் தெரியாது. புறாவுக்காகத் தொடையை அரிந்து தராசில் வைத்த சிபியின் கதை நமக்குத் தெரியும். எவ்வளவு வைத்தும் தட்டு இறங்கவில்லை, கடைசியில் மன்னனே ஏறி உட்காரவேண்டியதாயிற்று. ஒரு சிறுநீரகத்துக்குப் பின் இரண்டாவது, பிறகு ஈரல், பிறகு இதயம் என்று தராசு கேட்டுக்கொண்டேதான் இருக்கும். "இதுவரை தருவேன், இதற்கு மேல் இல்லை" என்று கொடுப்பவர்தான் சொல்லவேண்டும். அந்தக் கோட்டைத் தெளிவாக வைத்திருப்பவரைச் சுயநலக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அப்படிக் கோடு போட்டவர்கள்தான் பெரும்பாலும் சொன்னதைச் செய்கிறார்கள்.

இந்தியாவில் உறவல்லாதவருக்குச் சிறுநீரகம் கொடுக்க முடியுமா? பணம் வாங்கிக்கொண்டால் என்ன கெட்டுப்போகிறது?

1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நெருங்கிய உறவுக்கு வெளியே கொடுக்கவேண்டுமானால் அங்கீகாரக் குழு முன்னால் போய் நிற்கவேண்டும். பாசம், பற்று அல்லது தனிக் காரணம் இருக்கிறது, பணம் கைமாறவில்லை என்று குழு நம்பவேண்டும். பணம் வாங்கினால், கொடுத்தால், தரகு பார்த்தால் சிறை.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்களுக்கு வில்லிவாக்கத்தைத்தான் சொல்லவேண்டும். சென்னையின் அந்தப் பகுதிக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் இருந்தது. கடனை அடைக்க அத்தனை பேர் விற்றார்கள். சட்டம் வந்த பிறகும் நிற்கவில்லை. சுனாமியில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களில் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007-இல் வெளியானது. வயிற்றில் தழும்பும் வட்டிக்காரன் வீட்டு வாசலில் அதே கடனுமாக நின்றார்கள். அதற்குத் தானம் என்று பெயர் வைக்க முடியாது.

சட்டத்துக்கு உட்பட்டே மனதாரக் கொடுத்தவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கேரளத்தின் டேவிஸ் சிரமேல் என்ற பாதிரியார் 2009-இல் உறவல்லாத ஒருவருக்குக் கொடுத்தார். 2011-இல் தொழிலதிபர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி ஒரு லாரி ஓட்டுநருக்குக் கொடுத்தார். முதலாளியிடமிருந்து தொழிலாளிக்கு உறுப்பு போவது அபூர்வம். வழக்கமாக அது எதிர்த்திசையில்தான் போகும்.

வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

அவர்களிடம் சொல்லாமல் செய்யாதீர்கள். அவர்கள் அனுமதி கொடுத்தால்தான் என்றும் இல்லை, முடிவு உங்களுடையது. ஆனால் நீங்கள் படுத்துக்கிடக்கும் நாட்களில் சோறு வடிப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவதும் யார் என்ற கேள்விக்கு அவர்களிடம்தான் பதில் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டில் "நீ கொடு" என்று தள்ளுவார்கள். இந்தியாவில் உயிரோடிருக்கும்போது உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அம்மா, மனைவி, அக்கா என்றால் கேட்காமலே கொடுப்பாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். "மனசார ஒத்துக்கொண்டாயா?" என்று அவளைத் தனியாக உட்காரவைத்து ஒருவர் கேட்கவேண்டும். மருத்துவமனைகளில் இந்தத் தனிப்பேச்சை வெறும் சடங்காக முடித்துவிடக்கூடாது. அங்கே அவள் "பயமாக இருக்கிறது" என்று சொன்னால், "மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை" என்று வீட்டாரிடம் சொல்லி அவளைக் காப்பாற்றும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

எனக்கு வயதாகிவிட்டது. இளையவர்களுக்குப் பதிலாக நான் போகக்கூடாதா?

2011-இல் புகுஷிமா அணுஉலை விபத்துக்குப் பிறகு யமாடா என்ற 72 வயது ஓய்வுபெற்ற பொறியாளர் இதைத்தான் கேட்டார். கதிர்வீச்சால் புற்றுநோய் வர இருபது, முப்பது ஆண்டு ஆகும், எங்களுக்கு அவ்வளவு ஆயுள் பாக்கி இல்லை, இளைஞர்களுக்குப் பதில் எங்களை அனுப்புங்கள் என்றார். அறுபதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கணக்கில் அவரோடு சேர்ந்தார்கள்.

அதே நியாயம் உங்களுக்கும் பொருந்தும், ஒரு நிபந்தனையோடு: அந்த யோசனை உங்களிடமிருந்து கிளம்பவேண்டும். "பெருசு இன்னும் எத்தனை நாள் இருக்கப்போகுது" என்று மற்றவர்கள் பேசத் தொடங்கினால் அது வேறு விஷயம். ஸ்டெம்செல் பதிவுக்கு வயது வரம்பு உண்டு, இந்தியாவில் பதிவகத்தைப் பொறுத்து 18 முதல் 50 அல்லது 55 வரை. சிறுநீரகத்துக்கு வயதைவிட உடல்நிலையைத்தான் பார்ப்பார்கள்.

யாருக்குப் போகிறது என்றே சொல்லமாட்டீர்களாமே. அவர் கெட்டவராக இருந்தால்? வேறு சாதி, வேறு மதமாக இருந்தால்?

குறைந்தது ஓராண்டுக்கு இரு தரப்புக்கும் பெயர் சொல்லமாட்டார்கள். பணம் கேட்டோ கொடுத்தோ யாரும் யாரையும் நெருக்கக்கூடாது என்பதற்காக. ஆள் பார்த்துத்தான் கொடுப்பேன் என்றால் தயவுசெய்து பதிவு செய்யாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

கொடுத்தும் அவர் பிழைக்கவில்லை என்றால்?

நடக்கிறது. நோய் திரும்பலாம், கிருமித்தொற்று வரலாம், புதிதாகப் போன அணுக்களே நோயாளியின் உடம்பைத் தாக்கலாம். இதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுகிறோம், இருந்தாலும் செய்தி வரும்போது அடி விழத்தான் செய்யும். நம் ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து உடைந்துபோகிறவர்கள் உண்டு. அப்படி எதுவும் இல்லை. உங்கள் அணுக்கள் வந்திராவிட்டால் அவருக்கு முயன்று பார்க்கும் வழியே இருந்திருக்காது.

அதே நோயாளிக்கு மறுபடியும் கேட்கலாம், பிற்பாடு வேறொருவருக்காகவும் அழைக்கலாம். சிலர் உடனே சரி என்கிறார்கள். சிலருக்கு ஒருமுறை போதும் என்று இருக்கிறது. அப்படி இருந்தால் பதிவகத்துக்கு ஒரு போன் செய்து பெயரை எடுக்கச் சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் சொல்லவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அடுத்த நோயாளிக்காகத் தேடும் மருத்துவர் உங்கள் பெயரைப் பார்த்து நம்பிக் காத்திருக்காமல், வரக்கூடிய ஆளிடம் நேராகப் போய்விடுவார்.